குவாத்தமாலாவுக்குப் போன ஏலக்காய்

எங்கள் முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதை கண்டிக் கடைத்தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. அவர் பின்னால் நான், தோளில் ஏலக்காய் மூட்டை. "தள்ளுங்கோ, தள்ளுங்கோ!" என்று அவர் கத்தியதில், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று கடைக்காரர்கள் வாளியைத் தேடினார்கள்.

விஷயம் இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் மடவளையிலிருந்து தினமும் வந்து அவருடைய ஏலக்காய் ஸ்டோரில் காயைத் தரம் பிரிக்கும் கிரேடிங் வேலை பார்த்தேன். ஒருநாள் குவாத்தமாலாவிலிருந்து ஒரு கோப்பித் தோட்டத் துரை ஏலக்காய் விதை தேடி வந்தார். அங்கே அல்டா வேரபாஸ் என்று ஒரு மலை மாவட்டமாம். கூட வந்த ஏஜென்சி கிளார்க் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, எங்களுக்குத் திறந்த வாய் மூடவில்லை. வருஷம் முழுக்க மழையும் மூடுபனியுமாம். சனங்களுக்குத் தனிப் பாஷையாம். பெண்கள் தறியை இடுப்பில் கட்டி நெய்வார்களாம். ஆண்கள் கோப்பி மூட்டையை நெற்றிப் பட்டியில் தொங்கவிட்டு மலை இறங்குவார்களாம்.

"நம்மட தோட்டத்துக் கொழுந்துக் கூடை மாதிரித்தானே!" என்றார் முதலாளி.

கோப்பி விலை விழுந்து அந்த மலையே முடங்கிப் போயிருந்தது. அங்கே ஏலச்செடி வேர் பிடித்தால் துரை தன் ஆட்களை வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் நிலத்தை விற்க வேண்டியதுதான். முதலாளிக்கு மனசு இளகிவிட்டது.

"இங்கயும் கோப்பி செத்துத்தானே தேயில வந்த. பாவம் மனிசன். நம்மட்ட ஈக்கிற ஆகத் திறமான வித்தக் குடுடா!"

ஆகத் திறம் என்றால் எங்களுக்கு ஒன்றுதான்: கந்தகப் புகை காட்டி வெளுத்து, காம்பு வெட்டிய முதல் தரம். சீமைக்குப் போகிற சரக்கு. அதைப் பெட்டியில் போட்டு, நாடா கட்டி, காசும் வாங்காமல் கைகுலுக்கி அனுப்பினோம்.

அவர் போன கையோடு பின்கட்டில் அடுத்த சரக்குக்குப் புகை போட்டார்கள். முதலாளி தும்மினார். நானும் தும்மினேன். தும்மி முடித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"யா அல்லாஹ்! இந்தப் பொகையில வெந்தது மொளைக்குமாடா?"

"மொளைக்காது முதலாளி!"

நிழலில் உலர்த்தி மூலையில் கிடந்த, புகை படாத பழுப்புக் காயை அள்ளிக் கட்டிக்கொண்டு ஓடியது அப்போதுதான்.

ஸ்டேஷனில் ரயில் விசில் அடித்துவிட்டது. துரை ஜன்னலோரம், மடியில் பெட்டி. கிளார்க்கைக் காணோம். நாங்கள் பெட்டியைப் பிடித்து இழுக்க, கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்கிறோம் என்று நினைத்து அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி ஊரில் பெரிய மனிதர்; தொந்தியும் துருக்கித் தொப்பியுமாக நடந்தாலே ஆட்கள் வழிவிடுவார்கள். அவர் பிளாட்ஃபாரத்தில் குந்தினார். ஒரு பழுப்புக் காயை உயர்த்திக் காட்டி, கைகளை இலைபோல் விரித்து, இடுப்பை ஆட்டி ஆட்டி எழும்பினார். பிறகு துரையின் பெட்டியைச் சுட்டிக் காட்டி, நாக்கைத் தள்ளிக்கொண்டு மல்லாக்கப் படுத்துவிட்டார்.

ஸ்டேஷனே கைதட்டியது. "இன்னொரு தரம் ஆடுங்க மொதலாளி!" என்றான் ஒரு போர்ட்டர். துரைக்கு விளங்கிவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்து இரண்டு கைகளையும் நீட்டினார். நகர்கிற ரயிலுக்குள் மூட்டையைத் தள்ளிவிட்டேன்.

நாம் மெச்சுகிற சரக்கு வேறு, வாங்குகிறவனுக்கு வேண்டிய சரக்கு வேறு. வியாபாரத்தில் நான் படித்த பாடம் அது.

வருஷங்கள் போயின. ஒருநாள் கொழும்புத் தரகர் ஒருவர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் போச்சு முதலாளி. குவாத்தமாலா ஏலம் வந்து நம்மட வெலய விழுத்திட்டு."

வயசாகியும் முதலாளி கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப மொளச்சிட்டு!"