உப்பு முதலாளி வீட்டுத் தூள்

அந்த ஜாம் போத்தலின் தகர மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள் ஒழுங்காக இல்லை. என் மனைவி குத்தியவை. நான் குத்தியிருந்தால் வரிசையாக இருந்திருக்கும். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிறவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அடுத்தவனுடைய பாத்தியில் உப்பு வாரி, பிறகு கடல்நீர் ஏறும் களப்பின் ஓரத்தில் சொந்தமாக உப்பளம் வைத்தவன். எவனும் கைகொடுக்கவில்லை. புத்தளத்தில் என் உப்பைத் தின்னாத வீடு குறைவு என்று இன்றைக்கும் துணிந்து சொல்வேன். அப்படிப்பட்டவன் ஒரு கை மரத்து, வாய் ஒரு பக்கம் கோணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் டொக்டர் சொன்னார்: "உப்பைக் குறைக்காட்டி அடுத்த முறை விழுந்தா எழும்ப மாட்டீங்க, முதலாளி."

வீட்டுக்கு வந்த அன்றே மனைவி உப்புச் சட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒரு கறி, தனக்கு ஒரு கறி என்று அவள் ஆக்கவில்லை. ஒரே சட்டிதான், நான் தின்றதையே அவளும் தின்றாள். மல்லியும் நற்சீரகமும் மிளகும் வறுத்து, உள்ளிப் பல்லைச் சீவி வெயிலில் காயவைத்து, கறிவேப்பிலையையும் சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலையும் சருகாக்கி, எல்லாவற்றையும் இடித்து அரித்து ஒரு தூள் செய்து அந்த ஜாம் போத்தலில் அடைத்தாள். மருந்துக்கடையை வாயில் போட்ட மாதிரி இருந்தது. முதல் பிடியைத் தின்றுவிட்டு "உப்பில்ல" என்றேன். "வெளியில மலையாக் கெடக்கு. போய் நக்கிட்டு வாங்க," என்றாள். அதன் பிறகு சாப்பாட்டில் பிஸ்மிக்கு அடுத்தபடியாக இந்த இரண்டு பேச்சும் எங்களுக்கு வழக்கமாகிவிட்டன.

பிறகு ஒரு தடவை தூள் நன்றாக ருசித்தது. கூனி இறாலை வறுத்து இடித்துச் சேர்த்திருந்தாள். உப்பு முதலாளி உப்பில்லாமல் சோறு தின்கிறான், வந்து பாருங்கள் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஆனால் பிரஷர் ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் தாதி அந்தப் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"இதுல கூனி கெடக்குதே, ராத்தா?"

"ஓம் மிஸ். ஆனா உப்பு ஒரு கல்லும் போடல்ல. கூனிய நானே அவிச்சுக் காயவெச்சேன்," என்றாள் என் மனைவி.

"எந்தத் தண்ணில அவிச்சீங்க?"

"களப்புத் தண்ணிலதான். எல்லாரும் அப்படித்தானே."

தாதி என் பக்கம் திரும்பினார். "முதலாளி, நீங்க உப்பு எடுக்கிறதும் அந்தத் தண்ணிலதானே?"

களப்புத் தண்ணீரைப் பாத்தியில் வற்றவிட்டே வீடு கட்டியவன் நான். நாக்கில் தொட்டு, உப்பு எப்போது விளையும் என்று சொல்லிவிடுவேன். எனக்கே அது எட்டவில்லை. இந்தக் கரையில் கூனி என்றால் கூனி. உப்பு என்றால் சாக்கில் இருப்பது. திரும்பி வரும்போது ஓட்டோவில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்ல முதலாளிதான் போங்க," என்றாள். கூனியை விட்டுவிட்டு, மீன்கறிக்குப் புளிப்பாகப் போடும் கொறுக்காப்புளியைக் காயவைத்து இடித்துப் போட்டாள். பிரஷர் இறங்கியது. நான் விழவில்லை.

விழுந்தது அவள்தான். ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். அவளுக்குப் பிரஷரும் இல்லை, சீனியும் இல்லை. வீடு நிறையச் சனம் வந்தது, போனது. மகன் ஆலங்குடாவில் வெள்ளைக்காரருக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறான். "தனியக் கெடந்து என்ன செய்யப் போறீங்க வாப்பா? எங்களோட வந்திருங்க," என்று ஜும்ஆ முடிந்து வரும்போதெல்லாம் கேட்கிறான். மருமகள் நல்ல பிள்ளை. போனால் எனக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாமல் ஆக்கித் தருவாள். அந்தத் தனிச் சட்டிதான் எனக்குத் தோதுப்படவில்லை.

தூளை இப்போது நானே செய்கிறேன். தொடக்கத்தில் மல்லி கருகியது, உள்ளி பூஞ்சணம் பிடித்தது. இப்போது அவளுடையதைவிட என்னுடையது திறம் என்றுகூடச் சொல்வேன். இல்லை என்று சொல்ல ஆளில்லை. மதியம் சோற்றின் மேல் அந்தப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டுகிறேன். ஓட்டைகள் ஒழுங்கில்லாததால் ஒரு பக்கம் கூடுதலாகக் கொட்டுகிறது. முதல் பிடியைத் தின்றுவிட்டு "உப்பில்ல" என்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே உப்பு மலையாகக் கிடக்கிறது.