படகில் தடுத்த சொல்

போன வருஷம், மாரி மழை ஓய்ந்த பிறகு ஒரு பின்நேரம். இலங்கையின் கிழக்கே மருதமுனைக் கடல். படகில் நான் இருந்தேன். எஞ்சின் பிடிக்கிற காக்கா இருந்தார், படகு அவருடையது; இங்கே முஸ்லிம்களிடையே காக்கா என்றால் அண்ணன். காரைதீவுக்காரர் ஒருவர் இருந்தார். அம்பாறைப் பக்கமிருந்து வந்த சிங்களவர் ஒருவர் இருந்தார். அவரை மல்லி என்போம், தம்பி என்று அர்த்தம்.

மல்லிக்கு எதற்கெடுத்தாலும் ஐயோதான். தேத்தண்ணியில் சீனி குறைந்தால் ஐயோ. மீன் நிறையப் பட்டாலும் ஐயோ. சிங்களத்தில் அது அவ்வளவு லேசான சொல்.

எங்களுக்கு அப்படியில்லை. அது எமனின் பெண்சாதி பெயர், கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்பார் காரைதீவுக்காரர். கஷ்டம் வந்தால் அல்லாஹ்வை நினைத்துச் சபுர் செய்து பொறுத்துக்கொள்ளவேண்டும், ஐயோ என்று அலறக்கூடாது என்பார் காக்கா. இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

"மல்லி, படகுல அந்தச் சொல் வேணாம். சொன்னா எல்லாருக்கும் நீதான் தேத்தண்ணி வாங்கோணும்" என்றார் காக்கா.

"ஐயோ, சரி காக்கா" என்றார் மல்லி. அன்றைக்கே வாங்கினார். சிரித்தோம். கொஞ்ச நாளில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். விரலில் மீன்முள் ஏறினாலும் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

அந்தப் பின்நேரம் வலை இறக்கிக்கொண்டிருந்தோம். படகு ஓடியது. காக்கா அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லி என் முதுகுப்பக்கம். ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடித்தபடி குனிந்து, கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். சிக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன். மறுபடி திரும்பினேன். ஆளில்லை.

எஞ்சினை நிறுத்தி வலையை இழுத்தோம். வலையோடு வந்தார். கயிறு காலில் சுற்றியிருந்தது. மூச்சு இல்லை.

கத்தியிருப்பார், எஞ்சின் சத்தத்தில் நமக்குக் கேட்டிருக்காது என்று காரைதீவுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். நான் உதட்டைக் கடித்த அந்த முகத்தைப் பார்த்தவன்.

மறுநாள் அவருடைய தாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தமிழ் தெரியாது. மகனின் காலைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்றார். திரும்பத் திரும்ப அதுதான். எங்களில் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. காக்காவும் தடுக்கவில்லை.

இப்போது புதிதாக ஒருவர் வருகிறார். முதல் நாளே காக்கா அவரிடம் சொன்னார்.

"நொந்தா கத்து. ஐயோ எண்டு கத்து. நாங்க திரும்பிப் பாப்பம்."

அது எந்தப் பாஷையில் பிறந்த சொல் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதனை நாங்கள் திரும்பிப் பார்க்க அது போதும். எழுத்து இரண்டு.