லிஃப்ட்காரர் சார் ஆன வருடம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் தரைத்தளத்திலேயே நிற்கிறார் என்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன். சிரிப்பார். அவருக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

ஆனால் அவர் படித்தது கணக்கு. பி.எஸ்சி.யும் முடித்து, வாத்தியார் படிப்பும் முடித்தவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை கிடைக்கவில்லை. மாமா ஒருவர் லிஃப்ட் கம்பெனியில் சேர்த்துவிட்டார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சேர்ந்தவருக்கு அங்கேயே தலை நரைத்துவிட்டது. பள்ளிக்கூட வாசலைக் கடக்கும்போது மட்டும் மனுஷனுக்கு நடை தானாகக் குறையும். கூடப் போகிற நான் நாலடி முன்னால் போய் நின்று, "என்ன, கால் ஒட்டிக்கிச்சா?" என்பேன். எங்கள் பையனுக்குச் சொல்லிக் கொடுத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார். அவனோ, "அப்பா, விடைய மட்டும் சொல்லுங்க" என்கிற ரகம். பிறகு அவனும் விடுதிக்குப் போய்விட்டான்.

ஒருநாள் சாப்பாட்டில் உப்புப் போட மறந்திருந்தேன். மனுஷன் வாயே திறக்காமல் சாப்பிட்டு முடித்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார். லிஃப்ட் பார்க்கப் போன கட்டடத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் இருந்ததாம். வெளிநாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் கேட்கிறார்களாம்.

"வாத்தியார் வேலை. சம்பளம் கிடையாது. ஒரு வருஷம் வெளிநாடு."

"மூணுல ஒண்ணுகூடத் தேறலையே" என்றேன்.

அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "ஊரான் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரக் கடல் தாண்டணுமா? நம்ம தெருவுல பிள்ளைங்களே இல்லையா?" என்று கேட்டேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"இங்க என்னை யாரு வாத்தியாருன்னு நம்புவாங்க? லிஃப்ட்காரர் வந்திருக்காருன்னுதான் கதவையே திறப்பாங்க."

பெட்டியைக் கட்டிக் கொடுத்தேன். கம்பெனியில் சம்பளமில்லாத விடுப்புக் கொடுத்தார்கள்.

அங்கே பள்ளிக்கூடம் என்று பேர்தான். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற ஒரு சலவைக்கூடத்துக்கு மேலே இருந்த நீளமான அறை அது. கீழே இயந்திரம் ஓட ஓட மேலே பெஞ்செல்லாம் அதிருமாம். நீராவி ஏறிக் கரும்பலகை வியர்த்துவிடுமாம். ஈரத்தில் சாக்பீஸ் எழுதாது என்று துடைக்கத் தனியாக ஒரு துணியைத் தோளிலேயே போட்டுக்கொண்டிருப்பார். வீடியோவில் பார்க்கும்போது டீக்கடை மாஸ்டர் மாதிரி இருக்கும். பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் ஹோட்டல் அறை கூட்டுகிறவர்கள், லாரியில் சுமை ஏற்றுகிறவர்கள். வாடகை ஏறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு பேட்டைக்குப் போய்விடுவார்கள்.

இவருக்கு அவர்கள் பாஷை தெரியாது. அங்கே பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு செய்து போடும் அம்மா ஒருவர் நம் பாஷைக்காரர். எப்போதோ அங்கே போய்க் குடியேறியவர். அடுப்பு வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்தச் சமையல்கார அம்மாதான் இவருக்கு வாய். ஆனால் கணக்கு நடத்துகிற வேகத்தில் இவர் அந்த அம்மாவுக்காகக் காத்திருப்பாரா? வா, எழுது, அழி, அப்புறம், எல்லாமே தமிழில்தான். ஒரே மாதத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டுவிட்டன. நான் போன் செய்தால் பின்னால் கூட்டமாக "அப்புறம்? அப்புறம்?" என்று ராகம் போடுவது கேட்கும்.

அதில் ஒரு பெண் பிள்ளை. அம்மா கீழே சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பவள். இவர் எழுதி முடிப்பதற்குள் பாதிப் பலகையை அழித்துவிட்டு விடையைச் சொல்லும். ஒருநாள் இவருடைய ஷூ நாடாவை நாற்காலிக் காலோடு கட்டிவிட்டதாம். "வாலு" என்று பேர் வைத்திருந்தார். போனில் பாதி நேரம் வாலு புராணம்தான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணும். என் கழுத்தில் தாலி கட்டிய அன்றைக்குக்கூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்? நானும் இங்கே தனியாக ஒரு தட்டு கழுவி, ஒரு டம்ளர் கழுவி, அவர் குரலுக்காக ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் "சார், சார்" என்று அந்தப் பிள்ளைகள் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் இவர் திரும்புகிற வேகம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் வாயில் வசவு வராது.

வருடம் முடிந்தது. திரும்பி வந்தார். மறுவாரமே லிஃப்ட் வேலை. வந்தாரே தவிர, ஆள் பாதி அங்கேதான் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப அங்க வகுத்தல் நடக்கிற நேரம்" என்பார். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் விரலால் கணக்குப் போட்டுவிட்டு வருவார். நான் துடைக்காமல் விட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையல்கார அம்மா போன் செய்தார். குரலில் சிரிப்பில்லை. சலவைக்கூடத்துக்காரர் அந்த அறையைத் திரும்பக் கேட்டுவிட்டாராம். பிள்ளைகளையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. வாலு மட்டும் போகவில்லை. பையை மாட்டிக்கொண்டு, பூட்டிய அறையின் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறதாம்.

"ஏன்?" என்றார் இவர்.

"நீங்க வரேன்னு சொல்லியிருக்கீங்களாமே."

"நான் எங்க சொன்னேன்?"

"கடைசி நாள் சொல்லலையா?"

இவருக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் சாயங்காலம் கதவருகில் நின்று "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். நாம் வேறு எப்படிச் சொல்வோம்? வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் நான் விடுவேனா? சொன்னார், மறுநாள் வந்தார். சொன்னார், வந்தார். கடைசி நாளும் பழக்க தோஷத்தில் அதையே சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று வாலு சமையல்கார அம்மாவிடம் முன்பே கேட்டு வைத்திருந்ததாம். இருக்கிற அர்த்தத்தைத்தானே அவரும் சொல்லியிருப்பார்.

"வீடு மாறிப் போற பிள்ளைங்களைப் பத்தி நீங்க கேப்பீங்கல்ல, போயிட்டானா, போயிட்டானான்னு? அதெல்லாம் அதுக்குத் தெரியுது சார். அவன் போயிட்டான், இவ போயிட்டான்னு கரெக்டா சொல்லுது. உங்களைச் சொன்னா மட்டும், 'இல்லை, சார் வரேன்னாரு'ங்குது. இந்த வாரம் சேரலைன்னா பெரிய பள்ளியில இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க. அவங்கம்மா அழுறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. நீங்களே வாயால சொல்லிடுங்க."

நாளைக்குக் காலையில் பேசுகிறேன் என்று போனை வைத்தார். உடனே தொண்டு நிறுவனத்துக்காரர்களுக்குப் போன் போட்டார், மறுபடியும் அனுப்ப முடியுமா என்று. அறையே இல்லாத இடத்துக்கு யாரை அனுப்புவது என்றார்கள். நியாயம்தான்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வரேன்னு சொல்லட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். "அதுக்குள்ள மறந்துடும்."

"மறக்கிற பிள்ளையா படியில உக்காந்திருக்கு?" என்றேன். "இன்னொரு தடவை வரேன்னு சொன்னீங்கன்னா அது கல்யாண வயசு வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

"எனக்கு அங்க போகணும் போலத்தான் இருக்கு" என்றார். "என் மனசுல இருக்கிறது பொய்யில்லையே."

"பொய்யில்லைங்க. ஆனா போக முடியாதே."

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார், வகுப்புக்குப் போகிற மாதிரி. திரையில் படிக்கட்டும் வாலுவும் தெரிந்தன. பக்கத்தில் சமையல்கார அம்மா. வாலு இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, இவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது, எங்கே இருக்கிறார், எவ்வளவு தூரத்தில் வந்துவிட்டார் என்று. பார்த்தால் எங்கள் வீட்டு ஜன்னலும் துணிக்கொடியும்தான்.

இவர் சொன்னார். "வாலு, சாருக்கு இங்க வேலை இருக்கு. சார் வர மாட்டேன்மா. நீ பெரிய பள்ளிக்குப் போகணும்."

சமையல்கார அம்மா அதை அவர்கள் பாஷையில் சொன்னார். வாலு அவர் பக்கம் திரும்பவே இல்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நேராக இவரிடமே, தெரிந்த தமிழில் கேட்டது.

"சார் போயிட்டான்?"

மரியாதை எதற்கு, விகுதி எதற்கு என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? போன பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன வார்த்தையைத்தான் எடுத்துச் சொன்னது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உயிரோடு இருக்கிற மனுஷனைப் பற்றி அந்த வார்த்தையை வேறு யாராவது என் வீட்டில் சொல்லியிருந்தால் வாயைக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருப்பேன்.

"ஆமாம்மா" என்றார். "சார் போயிட்டான்."

வாலு பை வாரைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனது. சமையல்கார அம்மா போனை அணைக்காமலே அதன் பின்னால் ஓடினார். எங்கள் திரையில் யாருடைய காலோ, தரையோ ஆடிக்கொண்டே போயின. பாலம் வந்ததா, பள்ளி வந்ததா என்று தெரியாமலே இவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.