மூன்று வெற்றிடங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதியில் ஒரு சுங்கக் காவல் நிலையத்துக்கு என்னை நியமித்தார்கள். ஊர்காவற்றுறையில் பஸ் மாறி, இறங்கியபின் அரை மணித்தியாலம் மணலில் நடக்க வேண்டும். அந்த நிலையத்தின் ஆளணி நான்கு பேர் என்று கடிதத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால், சாவியை என் கையில் தந்தவர் இடமாற்றம் பெற்றுப் போகிறவர். மற்ற மூன்று இடங்களும் வெற்றிடம். "நிரப்புவினம், நிரப்புவினம்" என்று சொல்லிக்கொண்டே அவர் பெட்டியைத் தூக்கினார். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்ற அவசரம் அவருக்கு.

அரசாங்கம் அப்போது வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் தடுத்து வைத்திருந்தது. எங்கள் தோட்டக்காரர் பிழைக்கட்டும் என்பது நோக்கம். கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், காய்ந்த செத்தல் மிளகாய் மலிவு. அதை வள்ளத்தில் ஏற்றி வந்து இங்கே கொட்டினால், தண்ணீர் அள்ளி ஊற்றி மிளகாய் விளைவித்தவனின் கதை முடிந்தது. அப்படிக் கொட்டவிடாமல் தடுக்கத்தான் நான். அதற்கு எனக்கு ஒரு விசிலும், ஒரு டோர்ச் லைட்டும், ஒரு இயந்திரப் படகும் தந்திருந்தார்கள். படகுக்கு எண்ணெய் வாங்க மட்டும் ஒதுக்கீடு இல்லை. கரையில் இழுத்துப் போட்டிருந்த அதன் நிழலில் ஊர் ஆடுகள் சுகமாகப் படுத்திருக்கும்.

நான் பயந்தவன். இதை மறைத்துப் பிரயோசனமில்லை. பக்கத்துத் தீவில் ஒரு காவல்காரரைக் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவியது. உண்மையோ பொய்யோ, எனக்கு அது போதும். தனி ஆள் என்று தெரிந்தால் தொலைந்தேன் என்று நினைத்து, என்னிடமிருந்த நாலு காக்கிச் சட்டைகளையும் ஒரே நாளில் தோய்த்து, கடலில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கொடியில் போடுவேன். சில நாட்களில் வாசலில் நின்று உள்பக்கம் திரும்பி, "அண்ணை, தேத்தண்ணி ஆறப்போகுது, வாங்கோ" என்று சத்தம் வைப்பேன். உள்ளே நான் இருக்க ஒரு கதிரையும் ஒரு அலுமாரியும்தான் இருந்தன.

எனக்கு மத்தியானச் சோறு பக்கத்து வளவு அக்காவிடமிருந்து வந்தது. கணவர் இல்லாதவர், இரண்டு பெண்பிள்ளைகள். மிளகாய்த் தோட்டம்தான் சீவனம். அந்த வருஷம் விளைந்த மிளகாயை வாங்க வியாபாரி வரவில்லை. அவனுக்குக் கரையிலேயே மலிவாகக் கிடைத்துவிட்டது. அக்காவும் வேறு சில தோட்டக்காரரும் என்னிடம் வந்தார்கள். மூன்று வெற்றிடங்களையும் நிரப்ப வேண்டும், படகுக்கு எண்ணெய் தர வேண்டும் என்று அவர்களுக்காக நானே ஒரு மனு எழுதினேன். கையெழுத்து வைக்க எல்லோரும் தயங்கினார்கள். "எங்கட பேர் வெளியில போகாதே தம்பி?" என்று ஒருவர் கேட்டார். போகாது என்றேன். அக்காதான் முதலாவதாக வைத்தார். மனுவைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, கையெழுத்துகளோடு ஒரு பிரதியை அலுமாரியில் பூட்டினேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நிலைமையைப் பார்க்க மேலதிகாரி ஒருவர் வருகிறார் என்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் வருவதற்கு முதல்நாள் காலை பத்து மணிக்கு, வெள்ளை வேட்டியுடன் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தக் கரையில் வள்ளங்கள் வைத்திருந்தவர்களில் பெரியவர். மிளகாய் யாருடைய வள்ளத்தில் வருகிறது என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். கேளாமலே என் கதிரையில் இருந்தார்.

"தம்பி, நீர் தனிய இருக்கிறீர் எண்டு வந்த கிழமையே எங்களுக்குத் தெரியும். உந்தச் சட்டையளை வீணாத் தோய்ச்சுக் கிழிக்காதையும்."

நான் வாசல் வழியாக வெளியே கொடியைப் பார்த்தேன்.

"பயப்பிடாதையும். உமக்கு ஒண்டும் நடக்க நாங்கள் விடமாட்டம். உமக்கு ஏதும் நடந்தால் நாலு பேரை அனுப்புவாங்கள், எண்ணெயும் அனுப்புவாங்கள். நீர் சுகமா இருக்கிறதுதான் எங்களுக்கு நல்லது. போன மாசம் காய்ச்சலாக் கிடக்கேக்கை மருந்து எடுப்பிச்சு அனுப்பினது ஆர் எண்டு நினைக்கிறீர்?"

ஆஸ்பத்திரிக்காரர் அனுப்பினார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். என்னைக் காவல் காப்பவர்களையே நான் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. பயம்தான் பெரிதாக இருந்தது.

"நாளைக்கு வாறவர் கேட்டால், ஒரு ஆள் காணும் எண்டு சொல்லும். அவ்வளவுதான்." எழும்பப் போனவர் மறுபடி இருந்தார். "மனுவில ஆரார் கையெழுத்து வைச்சது?"

"அது... காட்ட ஏலாது அண்ணை."

அவர் கோபிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். நான் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை, கத்தியைக் காட்டவில்லை. நானாகத்தான் திறந்தேன். அவர் ஆற அமர வாசித்தார். முதல் பெயரில் விரலை வைத்தார். "பாவம், தனிப் பொம்பிளை" என்று சொல்லி மடித்துத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை மேலதிகாரி ஜீப்பில் வந்தார். சப்பாத்துக்குள் மணல் போனதில் அவருக்குப் பெரிய எரிச்சல். வாசலில் நின்றபடியே, தனியாகச் சமாளிக்க முடிகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். முடியும் சேர், ஒரு ஆள் போதும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கொழும்பில் ஆளுக்கும் காசுக்கும் திண்டாட்டம் என்றும், உம்மைப் போல நாலு பேர் கிடைத்தால் திணைக்களம் உருப்படும் என்றும் சொல்லி என் தோளில் தட்டினார். வெற்றிடங்களை ஆளணியிலிருந்து நீக்கும்படி அங்கேயே நின்று எழுதினார். தோட்டக்காரர் ஒருவரையும் அவர் பார்க்கக் கேட்கவில்லை.

மத்தியானம் அக்கா சோறு கொண்டுவந்தார். ஜீப் போனதைக் கண்டிருக்கிறார். "என்னவாம் தம்பி?"

"பாப்பம் எண்டு சொன்னவர்."

அக்கா வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கட பேருகளை அவர் ஒருத்தருக்கும் காட்டமாட்டார்தானே? உந்த வள்ளக்காரருக்குத் தெரிஞ்சால் நான் இந்தப் பெட்டையளோட இஞ்ச இருக்க ஏலாது. இரவிரவா நித்திரையில்லை தம்பி."

"ஒருத்தருக்கும் தெரியாது அக்கா."

அவர் முகம் தெளிந்தது. "நீர் இருக்கிற துணிவிலதான் முதல் ஆளாக் கையெழுத்து வைச்சனான்" என்று சொல்லி, என் சோற்றில் இன்னொரு அகப்பை குழம்பு விட்டார். நான் சாப்பிட்டேன்.