சின்னப்புள்ளைக்கிட்ட கேதம் கேட்ட அமிர்தம் டீச்சர்

சாந்த சொரூபியாம்ல, சாந்த சொரூபி! யோவ் எட்மாஸ்டரு, ஒமக்குக் கண்ணு கிண்ணு அவிஞ்சு போச்சா? பதினாறாம் நாளு காரியத்துக்குன்னு பஸ் ஸ்டாப்புல அம்மாம் பெரிய பிளெக்ஸ் வச்சு, 'பொறுமையின் சிகரம், சாந்த சொரூபி அமிர்தம் அம்மையார்'னு எழுதியிருக்கீரு. அந்தம்மாகிட்ட ஒரு நாளாவது திட்டு வாங்கியிருக்கீரா நீரு? நான் பதினோரு வருசமா வாங்கியிருக்கேன். வியாழக்கெழமைக்கு வியாழக்கெழம, தவறாம.

தெரியும்டா சரவணா, அவரு இங்க இல்ல. இருந்தா என்னையப் பேச விடுவாரா? 'நெனைவு மலருக்கு ஒரு பக்கம் பேசிக் குடுங்க கருப்பையா, யாரு போன்லயாவது பதிஞ்சு அனுப்புங்க, நான் நல்ல தமிழ்ல திருத்திக்கிறேன்'னாரு. திருத்துவாராம்! என்னையத் திருத்த முடியாமத்தான் எங்க வாத்தியாரு நாலாங்கிளாசோட அனுப்பி விட்டாரு. போனை நேராப் புடி. அந்தா, ரெண்டு பைக்குல ஒன் சேக்காளிக மூணு பேரு நிக்கிறானுகள்ல, அவனுக ஆரன் அடிச்சா அடிக்கட்டும். நீ இங்கிட்டுப் பாரு.

சேதி வந்ததும் இதே பஸ் ஸ்டாப்புலதான். போன வாரத்துக்கு முந்துன வியாழக்கெழம. ஒம்பது மணி பஸ்ஸுக்கு நாங்க ரெண்டு பேரும் கந்தர்வக்கோட்டை போறதா இருந்துச்சு. அங்க ஒரு வீட்டுல அப்பன் ஆத்தாளப் போட்டு மிதிச்சதைப் பாத்த புள்ள, அன்னையிலேருந்து வாயே தொறக்கலைன்னு தகவல். பஸ்ஸு வந்துருச்சு, இந்தம்மாவக் காணோம். நான் ஒரு தடவ பத்து நிமிசம் லேட்டானதுக்கு ஒரு வருசம் சொல்லிக் காட்டுன பொம்பள! கண்டக்டர்கிட்ட, 'செத்த நிப்பாட்டுய்யா, மகராணி பவுடர் போட்டுக்கிட்டு இருக்கு'ன்னேன். பஸ்ஸே சிரிச்சுச்சு. பஸ்ஸு போயிருச்சு. நான் இந்தக் கல்லுல உக்காந்து வாய்க்கு வந்தபடி வஞ்சுக்கிட்டே இருந்தேன். அரை மணி நேரம். அப்பத்தான் பால்காரன் வந்து, வண்டிய விட்டு எறங்காமயே சொன்னான். தலைக்குக் குளிச்சிட்டு, துவட்டிக்கிட்டே வாசப்படியில உக்காந்துச்சாம். எந்திரிக்கலையாம்.

செத்துப் போன பொம்பளைய அரை மணி நேரம் வஞ்சிருக்கேன்டா நான். அன்னையிலேருந்து ஒரு எடத்துல சேந்தாப்புல என்னால உக்கார முடியல. டீக்கடைக்குப் போறேன், டீ வரதுக்குள்ள எந்திரிச்சுர்றேன். முந்திரிக் காட்டுக்குப் போறேன், எதுக்கு வந்தேன்னு தெரியல. இன்னைக்கும் வியாழக்கெழம. காலையில எட்டரைக்கே சட்டைய மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். என் சம்சாரம் கேக்குறா, 'எந்த ஊருக்கு?'ன்னு. என்னத்தச் சொல்ல?

நிக்கட்டும். மொதல்லேருந்து வாரேன்.

பதினோரு வருசத்துக்கு முன்னால, ஏதோ திட்டம்னு சொல்லி புதுக்கோட்டையிலேருந்து ஒரு ஜீப்புல வந்தாக. வயசுப் பயலுக அருவாளத் தூக்காமப் பாத்துக்கணும், வெட்டுக்குத்தக் கண்ணால பாத்த புள்ளைகளத் தேத்தணும், அதுக்கு ஊருக்கு ரெண்டு ஆளு வேணும்னாக. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் அமிர்தம் ஒண்ணு, புள்ளைகளுக்கு அதுதான் டீச்சர். இன்னொண்ணு ஆம்பளையா இருக்கணும். ஊருல இருந்த பெரிய மனுசனுகளெல்லாம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முன்னால நிக்கிறானுக. இந்தம்மா, முந்திரிக் காட்டுக்குக் காவ கெடந்த என்னையக் கை காட்டிருச்சு. 'எந்தப் பய எந்த மரத்தடியில குடிக்கிறான், எவன் எந்தப் பொதருல அருவாள ஒளிச்சு வைக்கிறான்னு இந்தாளுக்குத்தான் தெரியும்'னுச்சு. அதோட விட்டுச்சா? 'பாதி நாளு இவரும் அங்கதான் குடிக்கிறாரு'ன்னு சேத்துச் சொல்லிருச்சு. இதுவாய்யா சாந்த சொரூபி?

டிரெயினிங்குல ஆளுக்கொரு பலூனக் குடுத்து, ஒங்க கோவத்தையெல்லாம் இதுக்குள்ள ஊதுங்கன்னாக. நான் எங்க மாமியாள நெனைச்சு ஊதுனேன். மூணாவது மூச்சுல டப்புனு வெடிச்சு, சொல்லிக் குடுத்த பொண்ணு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. அமிர்தம் என்னையத் திரும்பிப் பாத்து, 'கருப்பையாண்ணே, ஒங்க வாயி ஒண்ண அடைச்சாப் போதும், பாதி ஊரு அமைதியாயிரும்'னுச்சு.

மூணு வருசத்துல திட்டம் முடிஞ்சு போச்சுன்னு ஜீப்பு வரது நின்னுருச்சு. எனக்கு நிம்மதி. இந்தம்மா விடுமா? 'திட்டம் முடிஞ்சதுன்னு பயலுககிட்டச் சொன்னீங்களா? அவனுக முடிச்சுக்கிட்டானுகளா? வியாழக்கெழம வந்து சேருங்க'ன்னுருச்சு.

அதுக்குன்னு ஒரு மொறை இருந்துச்சு. சத்துணவுக் கூடத்துல தட்டப் பாத்தே, எந்த வீட்டுல நேத்துச் சண்டைன்னு சொல்லிரும். முட்டையத் தொடாத புள்ள வீட்டுக்கு அன்னைக்குச் சாயங்காலம் போயி நிக்கும். போன் வந்தப்பறம் நீங்களெல்லாம் வைக்கிறீகளே, ஸ்டேட்டஸு. எவனாவது அருவாப் படத்தப் போட்டு, 'தொட்டா தூக்குவோம்'னு வச்சான்னா, அடுத்த நிமிசம் அதுக்குக் கீழ அந்தம்மாகிட்டருந்து ஒரே கேள்வி வரும்: 'சாப்ட்டியா?' அம்புட்டுத்தான். ஊரே நடுங்கணும்னு வச்சவன் அதைப் பாத்தா எப்படி இருக்கும்! ஒரு பய எங்கிட்ட வந்து அழுகாத கொறையா, 'தாத்தா, அந்த டீச்சர நிப்பாட்டச் சொல்லு, மானம் போவுது'ன்னான். ஏம்மா இப்படிப் பண்றன்னு நான் கேட்டதுக்கு அமிர்தம் சொல்லுச்சு: 'கோவத்துல இருக்கவன்கிட்டப் புத்தி சொல்லாதீங்கண்ணே. வயிறக் கேளுங்க. பாதிக் கோவம் அங்கதான் கெடக்கும்.'

இப்ப சொல்லப் போறது ஒனக்குத் தெரிஞ்ச கதைதான். எட்மாஸ்டருக்குத் தெரியாது, அதனால சொல்லணும். கொஞ்சம் பொறுத்துக்க.

பத்து வருசத்துக்கு முன்னால கம்மாயில தண்ணி வத்தி ஊரே எறங்கி மீன் புடிச்ச அன்னைக்கி, யாரு மொதல்ல எறங்குறதுங்கற தகராறுல, கீழத்தெரு ராசேந்திரன் ஒங்கப்பன் மாணிக்கத்த வெட்டிப்புட்டான். கூடைய வச்சுக்கிட்டுக் கரையில நின்ன நீ பாத்துட்ட. ஒனக்கு ஒம்பது வயசு. எழவு வீட்டுல ஆம்பளைக வரிசையா பெஞ்சுல உக்காந்திருக்காக. வரவுக எல்லாம் ரெண்டு கையையும் நீட்டி அவுக கையத் தொட்டு, 'எப்படி ஆச்சு?'ன்னு கேதம் கேக்குறாக. ஒன்னைய, சின்னப்புள்ள இங்க நிக்காதன்னு ஆட்டுக் கொட்டாய்க்கு வெரட்டி விட்டாச்சு. வெரட்டுனது யாருங்கற? நாந்தான்.

அமிர்தம் வந்துச்சு. பெஞ்சத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா கொட்டாய்க்குள்ள போயி, ஆட்டுப் புழுக்கையில ஒன் முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, பெரிய மனுசனுக்கு நீட்டுற மாதிரி ரெண்டு கையையும் ஒனக்கு நீட்டுச்சு. 'ஒங்கப்பாவுக்கு எப்படிப்பா ஆச்சு?'ன்னுச்சு. ஒங்க மாமன் எகிறிக்கிட்டு வந்தான்: 'சின்னப்புள்ளைக்கிட்ட என்னம்மா கேதம்?' இந்தம்மா எந்திரிக்காமயே கேட்டுச்சு: 'செத்தது ஒனக்கு மச்சான். இவனுக்கு அப்பன். கேதம் யாருக்குப்பா பெருசு?' நீ சொன்ன. மீனு துள்ளுனதுலேருந்து எல்லாத்தையும் சொன்ன. அந்தம்மா நீட்டுன கைய எடுக்காமயே கேட்டுச்சு. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? இந்தப் பொம்பளைக்கு நேரங்காலமே தெரியலைன்னுதான்.

மூணாம் நாளு, 'கெளம்புங்கண்ணே'ன்னுச்சு. எங்கன்னு கேட்டா, ராசேந்திரன் வீட்டுக்காம். எனக்குக் கோவம் வந்துருச்சு. வெட்டுனவன் வீட்டுல என்ன கேதம்? 'அங்கயும் எட்டு வயசுல ஒண்ணு இருக்குண்ணே. அப்பன் உசுரோட செயிலுக்குப் போனா அதுக்குக் கேதம் கெடையாதா?' நான் உள்ள போகல. வாசல்லயே நின்னேன். அந்தப் புள்ள கவிதா கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. இந்தம்மா குனிஞ்சு, கட்டிலுக்கு அடியில கைய நீட்டுனது மட்டும் எனக்குத் தெரிஞ்சுச்சு.

அதுக்கு ஒங்காத்தா ஆறு மாசம் அந்தம்மா மூஞ்சியில முழிக்கல. இது அசரல. ஒன்னையும் கவிதாவையும் சோத்துக்கு ஒரே வரிசையில உக்கார வச்சுச்சு. மேலத்தெருவும் கீழத்தெருவும் சேந்து வந்து சண்டை போட்டுச்சு. இந்த ஊருல ரெண்டு தெருவும் ஒண்ணாச் சேந்த ஒரே காரியம் அதுதான். 'ஒரே சட்டிச் சோத்துக்கு எதுக்கு ரெண்டு வரிசை?'ன்னு கேட்டுட்டு, கரண்டிய எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு.

அந்தா, மறுபடியும் ஆரன். டேய், காதுல விழுது, அடங்குங்கடா!

ஒன்னைய ஏன் புடிச்சு உக்கார வச்சேன்னு நெனைக்கிற? ஊருல வேற போனே இல்லையா? ராசேந்திரன் செயில்லேருந்து வந்து ஒரு மாசமாச்சு. வந்த அன்னைக்கே அமிர்தம் அவன் வீட்டுக்குப் போச்சு. அதுல ஒனக்குக் கோவம். நேத்து நீ வச்ச ஸ்டேட்டஸ டீக்கடையில காமிச்சானுக. ஒரு அருவா. கீழ, 'விரைவில்'னு ஒத்தை வார்த்தை. எல்லாப் பயலும் பாத்தான். ஒருத்தனும் சாப்ட்டியான்னு கேக்கல. கேக்குற ஆளு போயிருச்சே.

இன்னொண்ணும் இருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன். அமிர்தத்தோட எழவு வீட்டுல எல்லாரும் சிங்கப்பூருலேருந்து வந்த அவுக அண்ணன் மகன் கையத் தொட்டுட்டுப் போனாக. அவன் அத்தைகிட்டப் பேசி எத்தனை வருசமாச்சோ! நீ செவுத்தோரமா நின்ன. நான் என்ன பண்ணேன்? 'என்னடா சரவணா, இனிமே முட்டை யாரு தருவா?'ன்னேன். எல்லாரும் சிரிச்சாக. நீ சுடுகாட்டுக்கு வராமயே போயிட்ட. பதினோரு வருசம் அது பின்னாடி பைய தூக்கிக்கிட்டு அலைஞ்சவன்டா நான். கத்துக்கிட்டது அம்புட்டுத்தான். எனக்குத் துக்கம் வந்தாலும் வாயில கேலிதான் வருது, அது எனக்குப் புடிச்ச சனியன்.

இந்தா. ரெண்டு கையும் நீட்டியிருக்கேன். கேலி இல்ல. அமிர்தம் டீச்சருக்கு எப்படிப்பா ஆச்சு? ஒனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?

என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுப்பா.

அன்னைக்கிக் காலையில ஒனக்குப் போன் அடிச்சுச்சா? ரெண்டு தடவையா? ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டியா?

ம்.

மூணாவது தடவ அடிக்கும், அப்ப எடுத்துக்குவோம்னு இருந்தியா. ம். அடிக்கல.

இத யாருகிட்டயாவது சொன்னியா? ஒங்காத்தாகிட்ட? இல்ல. பதினஞ்சு நாளா இத வயித்துல வச்சுக்கிட்டாடா அருவாப் படம் போட்ட?

அழு. நான் பாக்கல, பஸ்ஸு வருதான்னு பாக்குறேன். நீ கட் பண்ணதோட விட்ட. நான் வஞ்சிருக்கேன். ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தம்மா போனைக் கட் பண்ணாத பய இந்த ஊருல எவன்டா? கட் பண்ணுனா அதுக்குக் கோவம் வராது, கெளம்பி வீட்டுக்கு வந்துரும். அன்னைக்கி பஸ் ஸ்டாப்புக்கு வரதுக்கு முன்னால ஒன் வீட்டுக்கு வரத்தான் வெள்ளன குளிச்சிருக்கும். எனக்குத் தெரியும். அதுக்கு ஒரு நாளும் முடி ஈரம் காஞ்சு நான் பாத்ததில்ல, எவன் வீட்டுக்காவது ஓடுற அவசரம்.

மூஞ்சியத் தொடைச்சுக்க. மலருக்கு முடிக்கணும்ல. கடைசியில, அவுககிட்டருந்து நீங்க என்ன எடுத்து வச்சுக்கிட்டீங்கன்னு சொல்லணுமாம். நான் எடுத்து வச்சுக்கிட்டது என்னன்னா...

என்னடா? கவிதாவா?

கவிதாகிட்ட யாராவது கேதம் கேட்டாகளான்னா கேக்குற?

இல்லப்பா. கேக்கல. நானும் கேக்கல. கீழத்தெருப் புள்ளைன்னு யாரும் கிட்டக் கூப்புடல. வேப்பமரத்துக்கிட்ட தனியா நின்னுட்டுப் போயிருச்சு.

எந்திரிச்சிட்டியா? எங்கடா? போன எங்கையில திணிச்சிட்டுப் போறியே, இத எப்படிடா நிப்பாட்டுறது? டேய், அந்த வீட்டுல அந்தப் புள்ள மட்டுமா இருக்கு? அதுக்கு அப்பனும் இருக்கான்டா! அந்தா, பைக்க ஸ்டார்ட் பண்றானுக. ஏறிராதடா... ஏறல. என்னமோ சொல்றான். வண்டிய நிப்பாட்டி, சாவியப் புடுங்கி அவனுக கையிலயே குடுக்குறான். அவனுகளத் தாண்டிட்டான். கீழத்தெருப் பக்கந்தான் திரும்புறான், நடந்து.

சரவணா! நில்லுடா, எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது! வீட்டுக்குள்ள போயிராத. வாசல்ல நின்னு அந்தப் புள்ள பேரச் சொல்லிக் கூப்புடு. அவன் வெளிய வந்தான்னா ஒண்ணும் பேசாத, அமிர்தம் டீச்சருக்காக வந்தேன்னு மட்டும் சொல்லு. அந்தப் புள்ள வந்த ஒடனே மொதல்ல நீ ரெண்டு கையையும்...