முருகனுக்கு நேரே ஒரு கால்

வீரம்மா அத்தை கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவருக்குக் கால் உடைந்த கதையை அவர் குடியிருக்கும் தாமானில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றையும் பரப்பியவர் அவரேதான்.

உண்மையில் நடந்தது இதுதான். பள்ளி வாசலில் ஒரு ஆள் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் வாங்கப் போய்விட்டார். அவர் திரும்பி வந்ததும் அத்தை வேனிலிருந்து இறங்கி, அவருடைய பரம்பரையைப் பாட்டன் காலத்திலிருந்து விசாரிக்கத் தொடங்கினார். பேச்சு சூடு பிடித்ததும் ஓரடி பின்னால் வைத்தார். பின்னால் சாலை இல்லை, மூடியில்லாத லொங்காங் இருந்தது. சாக்கடைக்குள் விழுந்த பிறகும் திட்டு நிற்கவில்லையாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த ஆளே குடை பிடித்து நின்று மிச்சத்தையும் வாங்கிக்கொண்டாராம்.

இடது கால். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. அறுவை செய்து, உள்ளே ஒரு தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். அந்த எக்ஸ்ரே படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு அத்தை எல்லாருக்கும் காட்டினார். "பாத்தியா, என் வேனுக்குக்கூட இவ்ளோ ஸ்க்ரூ இல்ல."

வலது காலாக இருந்திருந்தாலும் கஷ்டம்தான். ஆனால் இடது கால் என்பதில் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. அத்தையின் வேன் பழைய கியர் வண்டி, கிளட்ச்சை இடது காலால்தான் மிதிக்க வேண்டும். அவர் படுத்திருந்த மாதங்களில் அவருடைய வேன் பிள்ளைகளைப் பரமேஸ்வரன் என்பவர் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வேன் புதிது, ஆட்டோ கியர், ஏர்கோன் வேறு. புதிய பள்ளி ஆண்டு தொடங்கும்போதுதான் பெற்றோர்கள் யாருடைய வேன் என்று முடிவு செய்வார்கள். அதற்குள் அத்தை வேனை எடுக்காவிட்டால், மாமா இறந்ததிலிருந்து அவர் ஒற்றை ஆளாக ஓட்டிவந்த ரூட்டு பரமேஸ்வரனுக்குப் போய்விடும். அத்தைக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

நான் அவருடைய தம்பி மகள் தாமரை. பட்டம் வாங்கிவிட்டு செலாயாங்கில் வீட்டில் உட்கார்ந்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவள், அத்தைக்குக் கால் உடைந்ததும் கிள்ளானுக்கு வந்து அவர் வீட்டில் தங்கினேன். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதால் டாக்டரிடம் ஆங்கிலம் பேசுவது, மருந்தின் பெயரைப் படிப்பது, வாடகைக் காரைக் கைப்பேசியில் கூப்பிடுவது எல்லாம் என் துறையாகிவிட்டன. மனிதவள மேலாண்மை படித்ததற்கு இதுதான் பயனா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். மேலாண்மை செய்ய ஒரு மனிதர் கிடைத்திருக்கிறாரே என்று பதிலும் சொல்லிக்கொள்வேன்.

சமையலும் காவலும் தனலெட்சுமி பெரியத்தையின் துறை. அவர் வீரம்மா அத்தையின் அக்கா. செமினியிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார்: காலை ஊன்றக் கூடாது, ஆனால் முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியத்தைக்கு முதலாவது மட்டும் காதில் விழுந்தது. அதுவும் 'அசையவே கூடாது' என்று விழுந்தது.

அத்தையால் மாடி ஏற முடியாது என்பதால் கட்டிலைக் கீழே ஹாலில் போட்டோம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. வரிசை வீட்டு ஹால் எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். கட்டிலை இரண்டே விதமாகப் போடலாம். ஒரு பக்கம் போட்டால் கால் வாசலைப் பார்க்கும். அப்படிப் போடுவது பிணத்தைத்தான் என்று பெரியத்தை காதைப் பொத்திக்கொண்டார். மறுபக்கம் போட்டால் கால் நேராகச் சாமி மேடையை, அதிலும் நடுவில் இருக்கும் முருகனின் முகத்தைப் பார்க்கும். சாமிக்கு நேரே காலை நீட்டலாமா?

பெரியத்தை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இடது முட்டிக்கு அடியில் இரண்டு தலையணைகளைத் திணித்தார். முட்டி கூடாரம் மாதிரி உயர்ந்தது, பாதம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது. வலது காலை அத்தையே மடக்கிக்கொண்டார். பிணமும் இல்லை, பாவமும் இல்லை. அத்தைக்கும் அது சுகமாக இருந்தது. எல்லாரும் திருப்தியடைந்தோம்.

பிறகு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்க வந்தால் நோயாளி படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் வந்தவர்களுக்கு ஏமாற்றம். நின்றுகொண்டிருந்தால் அவமானம். கொண்டுவந்த மைலோ டின்னைக் கொடுக்கலாமா, திரும்ப எடுத்துப் போகலாமா என்று யோசிப்பார்கள். அதனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பெரியத்தை ஓடிவந்து தலையணையைச் சரிசெய்து போர்வையை இழுத்துவிடுவார். அத்தையும் குரலைக் கம்மலாக்கிக்கொள்வார். வருகிறவர்கள் எல்லாரும் காயம் ஆறுவதற்கென்று ஹருவான் மீன் சூப் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் அறுவை செய்துகொண்டவருக்கு விரால் மீன் சூப் கொடுக்காதவர் மனிதரே இல்லை. குளிர்ப்பெட்டியில் பால் வைக்க இடமில்லை. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் ஆன்டி கொண்டுவந்த சூப்பையே ஒரு நாள் மறதியாக அவருக்குச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டோம். தன் கைப்பக்குவத்தைவிடச் சுமார்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கிறது என்றார். காலைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. முட்டி கூடாரமாகவே நின்றுவிட்டது. நீட்டவும் வரவில்லை, மேலே மடக்கவும் வரவில்லை. இப்படியே இருந்தால் மயக்க மருந்து கொடுத்து பலமாக மடக்க வேண்டியிருக்கும், அதற்கும் மசியாவிட்டால் மறுபடி அறுக்க வேண்டும் என்று சொல்லி, பிசியோவுக்கு அனுப்பினார்.

பிசியோ அறையில் இருந்தவர் ஃபஹீமா. என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். அவருடைய குடும்பத்துக்குப் பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை. முட்டியை மெதுவாக நீட்டிப் பார்த்தார். அத்தை முருகனையும் மாரியம்மனையும் அந்த ரொட்டி சானாய் ஆளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். வீட்டில் எப்படிப் படுத்திருந்தார் என்று ஃபஹீமா கேட்டார். நான் யாரோ விருந்தாளி எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். ஃபஹீமா அதைப் பெரிதாக்கினார்.

"இந்தத் தலகாணிய யாரு வச்சது?"

நான் பெரியத்தையைப் பார்த்தேன். பெரியத்தை சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். பிறகு, சாமிக்கு நேரா காலை நீட்டக் கூடாதில்லையா என்று மெல்லச் சொன்னார். முட்டி பற்றி இணையத்தில் எவ்வளவோ படித்திருந்தேன். எதிலும் சாமி மேடை எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. படிப்பு என்பதே இப்படி நம் ஹாலைத் தவிர்த்த எல்லாவற்றையும் பற்றியதுதானோ என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

ஃபஹீமா சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் தொழுகுற தெச, கிப்லா பக்கம் காலு நீட்ட விடமாட்டாங்க ஆன்டி. ஆனா எங்க வாப்பா எழும்ப முடியாம கெடந்தப்போ, மல்லாந்து படுத்து, உள்ளங்காலு கிப்லாவ பாக்கத்தான் தொழுதாரு. அப்படித்தான் சொல்லியிருக்கு. அல்லா ஒன்னும் கோவிச்சுக்கல." அத்தையின் பக்கம் திரும்பினார். "தலகாணி இனிமே குதிகாலுக்கு அடியில. முட்டிக்கு அடியில ஒன்னும் இருக்கக் கூடாது, தொங்கணும். வலிக்கும். வேன் ஓட்டணும்னா வேற வழி இல்ல லா."

வீடு திரும்பியதும் அத்தை தலையணைகளை உருவிக் கீழே போட்டார். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். பாதம் நிமிர்ந்து முருகனைப் பார்த்தது. சாமி மேடையையாவது நகர்த்தலாம் என்றார் பெரியத்தை. ஆனால் அதற்கு நாள் பார்க்க வேண்டும், நாள் குறித்துக் கொடுக்கும் கோயில் பண்டாரம் இந்தியாவுக்குப் போயிருக்கிறார், வர ஒரு மாதமாகும். அதுவரை முட்டி காத்திருக்காது.

அத்தை முருகனைப் பார்த்தே பேசினார்.

"இங்க பாரு முருகா. ஒனக்கு மயிலு. அதுக்கு கிளட்ச் கெடையாது. எனக்கு இருக்கு. ஒரு பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு மல ஏறுன ஆளு நீ, இதுக்கும் கோவிச்சுக்கிட்டு எங்கயாச்சும் போறதுன்னா போ. நா காலு நீட்டத்தான் போறேன்."

பெரியத்தை பெட்டியை எடுத்துவைத்துவிட்டார். செமினிக்கே போகிறேன், இந்த வீட்டில் இடி விழும் என்றார். அவரைக் கூட்டிப் போக யாரும் உடனே வரவில்லை. காத்திருந்த நேரத்தில் அத்தை வலி தாங்காமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியை மாடிக்கே கொண்டுபோய் வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த ஹாலில் தினமும் இரண்டு பேர் பயிற்சி செய்தார்கள். அத்தை முட்டியைக் கீழே அழுத்திக் காலை நேராக்கும்போதெல்லாம் பெரியத்தை முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகு அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து, வழுவழு தரையில் குதிகாலைத் தன் பக்கம் இழுத்து மடக்குவார். அது பாவக் கணக்கில் வராது என்பதால் பெரியத்தை ஓய்வெடுப்பார். பார்க்க வந்தவர்கள் கதவோரம் நின்று, மைலோ டின்னைப் பிடித்தபடி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். அத்தை அழுத நாட்களும் உண்டு. ஆனால் ஃபஹீமா அறையில் ஒரு நாளும் அழவில்லை. அங்கே திட்டினார். அவரைத் திட்ட விட்டுவிட்டு, அந்த நேரத்தில் ஃபஹீமா முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கிவிடுவார்.

கால் நேரானது. மடங்கவும் மடங்கியது. வாக்கர் போய்த் தொங்காட் வந்தது. அந்தக் கைத்தடியை அத்தை நடப்பதற்கும் சுட்டிக்காட்டுவதற்கும் சரிசமமாகப் பயன்படுத்தினார். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் ஃபஹீமா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இறுக்கமான ரப்பர்ப் பட்டையைப் பாதத்தில் மாட்டி, கிளட்ச் மாதிரி மிதித்துப் பிடிக்கச் சொன்னார். அத்தை மிதித்தார். பிடிக்க முடியவில்லை. தொடை வெடவெடத்துக் கால் தானாகத் திரும்பி வந்தது. மறுபடி, மறுபடி. அதே கதை.

ஆட்டோ கியர் என்றால் இன்றே ஓட்டலாம், டாக்டரும் ஒத்துக்கொள்வார் என்றார் ஃபஹீமா. கிளட்ச்சுக்குத் தொடையில் இன்னும் பலம் வர வேண்டும், பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியில் அரைகுறைக் காலுக்குத் தான் சம்மதம் கொடுக்க மாட்டேன் என்றார். வரும் வழியெல்லாம் காருக்குள் சத்தமே இல்லை. லொங்காங்கில் விழுந்தபோதுகூட அவர் வாய் மூடியதில்லை என்பதால் எனக்குப் பயமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பரமேஸ்வரன் வந்தார். கையில் ஹருவான் சூப். இத்தனை நாளும் வராதவர் இன்று ரூட்டைக் கேட்டு வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று பெரியத்தை அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர் சூப்பை மேசையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, எப்ப எடுத்துக்கிறீங்க புள்ளைங்கள?"

"ஏன், ஒனக்கு என்ன கேடு?"

கேடு என்னவென்று பரமேஸ்வரன் விவரித்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அத்தை இந்தப் பக்கம் போகமாட்டார் என்று வேனில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்துகிறார்கள். ஏர்கோன் துளைக்குள் யாரோ டுரியான் மிட்டாயைத் திணித்துவிட்டார்கள், மூடினால் வெந்து போகிறது, திறந்தால் நாறுகிறது. இதற்கு முன்னால் அவர் போர்ட் கிள்ளானில் ஷிப்டு முடிந்த கிடங்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறினதும் தூங்கிவிடுவார்கள். அந்த வேலையே மறுபடி கிடைத்திருக்கிறது.

அத்தை தன் காலைப் பார்த்தார். "எனக்கு கிளட்ச் இன்னும் புடிக்க முடியலடா." இவ்வளவு நாளில் இதை அவர் வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"என் வேனு ஆட்டோதான அக்கா. நீங்க அத ஓட்டுங்க. நா ஒங்க வேன எடுத்துக்கிறேன். கால் சரியானதும் மாத்திக்கலாம்."

அத்தை உடனே சரி என்று சொல்லவில்லை. ஏர்கோன் தனக்குச் சளி பிடிக்கும் என்றார், அந்த வேனின் நிறம் சரியில்லை என்றார். பிறகு தன் வேனில் மூன்றாவது கியர் கொஞ்சம் முறைக்கும், திட்டக் கூடாது, தட்டிக்கொடுத்து விழவைக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். பெரியத்தை எழுந்துபோய் பரமேஸ்வரனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பள்ளி திறந்த நாள் பிள்ளைகளை ஏற்றியது வீரம்மா அத்தைதான். ஒரு பெற்றோரும் வேறு வேன் பார்க்கவில்லை. ஃபஹீமாவின் ரப்பர்ப் பட்டை தொடர்ந்தது. நன்றாக மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் ஃபஹீமா தலையாட்டினார், டாக்டரும் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வேனை ஓட்டிப் பழகிய பிறகு அத்தை தன் வண்டிக்குத் திரும்பினார். முதல் நாள் என்னையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். எனக்கு இன்னும் வேலை கிடைத்திருக்கவில்லை.

கிள்ளான் பாலத்து ஏற்றத்தில் நெரிசல். வண்டிகள் ஓரடி நகர்ந்து நின்றன, இன்னும் ஓரடி நகர்ந்து நின்றன. அத்தையின் இடது தொடை பாவாடைக்கு மேலேயே தெரிகிற மாதிரி நடுங்கியது. ஒருமுறை எஞ்சின் அணைந்து, வேன் ஒரு கை அளவு பின்னால் உருண்டது. பின்னால் மோட்டார் சைக்கிள்கள் அலறின. எப்போதும் சந்தையாக இருக்கும் வேனுக்குள் பிள்ளைகள் முன் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"வலிக்குதா அத்தை?"

"வாய மூடு, ஏறட்டும்."

கைப்பிரேக்கைப் பிடித்து, சாவியைத் திருப்பி, காலை மெதுவாக, மிக மெதுவாக விட்டார். வேன் ஒரு குலுக்குக் குலுக்கி ஏறத் தொடங்கியது. பாலத்தின் உச்சி வரை அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. இறக்கத்தில் மூன்றாவது கியரைத் தட்டிப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, யாரடா அது சன்னலுக்கு வெளியே கையை நீட்டுவது என்று கேட்டார்.