அறுநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்

மதபீடம் ஒன்று நடத்திய பல்கலைக்கழகத்தில், சான்றிதழ்ப் பிரிவு எழுத்தரை எல்லோரும் ரூல்ஸ் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். நடத்தை விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். மின்விசிறியைப் போடுவதற்குக்கூட அதில் ஏதாவது தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார். தங்கமான மனிதர், நமக்குப் பக்கத்து மேஜையில் உட்காராதவரைக்கும்.

அவருக்கு ஒரே ஒரு குறை. ஆயிரக்கணக்கான பட்டங்களில் பெயர் எழுதி முத்திரை குத்தியவருக்குச் சொந்தமாக ஒரு பட்டம் இல்லை. நாற்பத்தெட்டாவது வயதில் அதே பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தார். வீட்டில் தையல் வேலை செய்யும் மனைவிதான் வாத்தியார். அவர் மிஷினை மிதித்துக்கொண்டே கேள்வி கேட்பார். இவர் பட்டன் தைத்துக்கொண்டே பதில் சொல்வார். தப்பாகச் சொன்னால் மிஷின் நின்றுவிடும். அந்த அம்மாள் பத்தாவதோடு படிப்பை விட்டவர். மூன்று வருஷத்தில் பாடம் முழுக்க அவருக்கும் மனப்பாடம். கடைசிப் பரீட்சை முடிந்த அன்றே கண்ணாடி பிரேம் ஒன்று வாங்கி, கூடத்துச் சுவரில் காலியாகவே மாட்டிவிட்டார்.

வில்லங்கம் சான்றிதழ்ப் பிரிவின் வாசலிலேயே இருந்தது. மாணவர் யாரும் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. நுழைந்தால் பதிவேட்டில் எழுதவேண்டும். மூன்று தடவைக்கு மேல் போனால் பட்டம் நிறுத்திவைக்கப்படும். எழுதவேண்டியவர் நம் அண்ணன். வகுப்பில் சேர்ந்த மறுநாளே கண்காணிப்பாளரிடம் போனார்.

"சார், நானும் இப்ப ஸ்டூடண்ட் ஆயிட்டேன். என்னையும் எழுதணுமா?"

கண்காணிப்பாளர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ரூல்னா எல்லாருக்கும்தான்யா."

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் எழுதினார். நுழைந்த நேரம்: காலை ஒன்பதரை. காரணம்: வேலை. எடுத்த நடவடிக்கை: எச்சரிக்கப்பட்டார். இப்படித் தினமும். மூன்று வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை தன்னைத் தானே எச்சரித்தும் மனிதர் திருந்தவில்லை. மேலிடத்தில் காரணத்தைப் படித்துப் பார்ப்பார்கள் என்று நம்பினார். அவர்களோ எண்ணிக்கையை மட்டும்தான் படித்தார்கள்.

பட்டத்தை நிறுத்திவைக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் அவரேதான். உறையிலிட்டு ஒட்டினார். பிறகு அதைத் தானே வாங்கி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டார்.

விசாரணைக்குத் தலைமை வகித்தவர் பல்கலைக்கழகத் தலைவரான சாமியார். பக்கத்தில் சட்ட ஆலோசகர்.

"புகார் எழுதினது யாரு?" என்று சாமியார் கேட்டார்.

"நான்தாங்க சாமி."

"சாட்சி?"

"நான்தாங்க."

"குற்றம் சாட்டப்பட்டவர் வந்திருக்காரா?"

அண்ணன் எழுந்து எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "வந்திருக்கேன் சாமி."

சட்ட ஆலோசகர் நெளிந்தார். "பரீட்சையில பாஸ் பண்ணதுக்குத்தானே பட்டம்? நடத்தையைச் சொல்லி நிறுத்த நமக்கு உரிமை இருக்கான்னு நாளைக்குக் கோர்ட்ல கேட்டா என்ன சொல்றது?"

"இங்க படிப்புக்கும் ஒழுக்கத்துக்கும் சேர்த்துத்தான் பட்டம். ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தாரு?" சாமியார் அண்ணன் பக்கம் கனிவாகத் திரும்பினார். "ஒரு வழி இருக்கு. பதிவேட்டுல எழுதினதெல்லாம் பொய்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. இன்னைக்கே பட்டம்."

அண்ணனுக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் காலி பிரேம் கண்முன் வந்து நின்றது. ஒரே ஒரு வரிதான்.

"உள்ள போனது நிஜம்தானே சாமி. பொய் சொல்லக்கூடாதுங்கிறது நம்ம புத்தகத்துல முதல் விதி."

சாமியார் கண்கலங்கிவிட்டார். இப்படிப்பட்ட நேர்மையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். அண்ணனுக்கு நன்னடத்தைப் பாராட்டுப் பத்திரம் வழங்க உத்தரவிட்டார். நடத்தை மீறலுக்காகப் பட்டத்தை நிறுத்திவைக்கவும் உத்தரவிட்டார். இரண்டையும் அண்ணனே தட்டச்சு செய்தார்.

வீட்டுக்கு வந்து பாராட்டுப் பத்திரத்தை நீட்டினார். "இதை மாட்டிக்கலாமா?"

"இதுக்கா மூணு வருஷம் கேள்வி கேட்டேன்?" மனைவி அதைத் தொடக்கூட இல்லை. "பட்டம் எங்கங்க இருக்கு?"

"ஆபீஸ்ல, என் பீரோவுலதான்."

"சாவி?"

"என்கிட்டதான். ஆனா அந்த ரூமை விட்டு வெளிய எடுக்கக்கூடாது."

அந்த அம்மாள் சுவரிலிருந்து பிரேமைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் பையோடு சான்றிதழ்ப் பிரிவுக்கு வந்து நின்றார். அண்ணன் பதறிப்போய் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மாணவர் நுழையத்தான் தடை. வெளியாட்கள் வரலாம், திரும்பிப் போவதற்குள் காரணத்தை எழுதினால் போதும். மனைவியை உள்ளே விட்டு, பீரோவைத் திறந்து, பட்டத்தை எடுத்து, பிரேமுக்குள் வைத்து, திரும்பவும் உள்தட்டிலேயே நிறுத்தினார். மனைவி குனிந்து நின்று அதை முதல் எழுத்திலிருந்து முத்திரை வரைக்கும் படித்தார்.

"எல்லாருக்கும் முத்து முத்தா எழுதுவீங்களே, உங்க பேரு மட்டும் ஏன் இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது?"

"எழுதறப்ப கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

அதற்குமேல் அந்த அம்மாளால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியாள் பதிவேட்டை எடுத்து, வந்த காரணத்தை எழுதினார்: கணவரின் பட்டத்தைப் பார்க்க.

மனைவி எட்டிப் பார்த்தார். "உள்ளதை எழுதுங்க. நம்ம பட்டம்னு எழுதுங்க."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். முதல் விதிப்படி அதுதான் சரி. 'கணவரின்' என்பதை அடித்துவிட்டு 'எங்கள்' என்று எழுதினார்.